‘இல்லை’ என்று எழுதுமுன்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைச்சாலையில், சமவெளியின் வெக்கை விலகி முதல் குளிர் முகத்தில் படுகின்ற இடம் பர்லியார். உதகைக்குச் செல்லும் பயணிகளுக்கு அது தேநீருக்கும் மங்குஸ்தான் பழத்துக்கும் வண்டியை நிறுத்தும் ஓர் இடம். அவர்களுடைய வருகை குரங்குகளுக்கு அறுவடை. எனக்கோ அது பிறந்த ஊர். 1871-இல் தொடங்கப்பட்ட அரசுத் தோட்டக்கலைப் பண்ணை அங்கே இருக்கிறது. ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை, மங்குஸ்தான், துரியன் என்று அயல்நாட்டு மரங்கள் பலவும் நம் மண்ணுக்குப் பழகிக்கொண்ட நிலம் அது. அந்த மரங்களுக்கிடையே கூலியாளாகத் தொடங்கி, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர் என் தந்தையார்.

மரங்களை வளர்த்தவரின் மகன், மரத்தின் இலையை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை அமிலத்தில் கரைத்து, கரைசலில் துத்தநாகம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அளப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டேன். கோவையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியனாக முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றினேன். என் ஆய்வுத் துறைக்குச் சுவடுத் தனிமங்கள் என்று பெயர். பொருள்களில் மிக மிகச் சிறிய அளவில், ஒரு சுவடு போல மட்டும் இருக்கின்ற தனிமங்களைப் பற்றிய துறை. விடுமுறையில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா கேட்பார்கள்: “கண்ணுக்கே தெரியாததை எப்படிச் சாமி அளக்கறே?” கேள்வி எளியது. அதற்கு விடை சொல்லத்தான் எனக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றை வாசகர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ளட்டும். அதில் ஒரு பொடி உப்புக்கல்லைப் போட்டுக் கலக்கினால், அது ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த லாரியிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீரை மொண்டுவந்து, “இதில் உப்பு எவ்வளவு?” என்று கேட்பதுதான் எங்கள் தொழில். ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் 1955-இல் வகுத்தளித்த அணு உட்கவர் முறை இதனை எங்களைப் போன்றோர் கைக்கும் எட்டச் செய்தது. கரைசலைச் சுடரில் தெளித்து, ஒரு தனிமத்துக்கே உரிய ஒளியை அதனூடே செலுத்தி, எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி விளக்கு வேண்டும். எங்கள் கல்லூரியில் நெடுங்காலம் செம்பு, துத்தநாகம், ஈயம், குரோமியம் என நான்கே விளக்குகள் இருந்தன. ஆகவே என் அறிவியல் ஆர்வமும் அந்த நான்கு தனிமங்களோடு நின்றது என்பதை ஒளிக்காமல் சொல்வேன். நிதி வரும் ஆண்டில் ஐந்தாவது தனிமத்தின்மேல் ஆர்வம் பிறக்கும்!

எனினும் இந்தத் தொழிலில் பெரும்பொழுது கருவியின் முன்னால் கழிவதில்லை. பாத்திரம் கழுவுவதில் கழிகிறது. கண்ணாடிக் குடுவைகளை நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். வடித்த நீரால் மீண்டும் மீண்டும் அலச வேண்டும். துத்தநாகம் அளக்கும் நாளில் மாணவர் முகத்துக்குப் பவுடர் பூசி வரலாகாது. ரப்பர் கையுறையிலும் துத்தநாகம் உண்டு. சுவரின் சுண்ணாம்பு, கூரையின் வண்ணம், சன்னல் வழியே வரும் தெருப்புழுதி, நம் வியர்வை இவை யாவும் பகைதாம். நூறு கோடியில் ஒன்றைத் தேடுகின்றவனுக்கு, தன் கையே முதல் ஐயத்துக்குரியது.

அதனால்தான் எங்களுக்கு ‘பிளாங்க்’ என்ற ஒன்று வேண்டியிருக்கிறது. ஆய்வுப்பொருள் மட்டும் இல்லாமல், மற்றெல்லாவற்றையும் அப்படியே செய்வது. அதே தண்ணீர், அதே அமிலம், அதே குடுவை, அதே சூடு, அதே கைகள். இலை மட்டும் இல்லை. அந்த வெறுங்கரைசலில் கருவி ஏதேனும் காட்டினால், அது எங்களிடமிருந்து வந்தது. இலையின் கணக்கிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும். பிளாங்க்கைப் பத்து முறை அளந்தால் பத்து எண்களும் சற்றே தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தின் மும்மடங்கையே ‘கண்டறியும் எல்லை’ என்பது வழக்கம். அந்த எல்லைக்குக் கீழே இருப்பதைக் கருவியால் சொல்ல இயலாது. வாய் பேசாதிருப்பதையும் மறுத்துப் பேசுவதையும் ஒன்றாகக் கொள்ளலாகாது என்பதே நான் மாணவர்க்கு முதல் வகுப்பில் சொன்ன பாடம்.

இது ஏட்டுப்பாடமாக நின்றுவிடவில்லை. ஒருமுறை, முலாம் பூசும் பட்டறை ஒன்றின் உரிமையாளர், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று நீரை இரண்டு குப்பிகளில் கொண்டுவந்தார். குரோமியம் இருக்கிறதா என்று பார்த்துச் சான்று தர வேண்டும். பார்த்தோம், கருவி ஒன்றும் காட்டவில்லை. ஆனால் எங்கள் பழைய கருவியின் கண்டறியும் எல்லையோ, குடிநீருக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்புக்கு மிக அருகில் இருந்தது. ஆகவே, “கண்டறியும் எல்லைக்குக் கீழ், எல்லை இவ்வளவு” என்று எழுதிக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கியது. “இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதுமே சார், எதற்கு இத்தனை நீட்டல்?” என்றார். நான் எழுதவில்லை. சில வாரங்களில் வேறோர் இடத்திலிருந்து அந்த ஒரு வார்த்தையை அவர் வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பின்னர் ஒருநாள் அந்தத் தோட்டத்து அம்மா கல்லூரி வாயிலில் வந்து நின்றார். அவர் கேட்டது கருவியைப் பற்றியன்று: “குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா?” நல்ல கருவி உள்ள இடத்தில் மறுபடி பார்க்கும் வரை வேறு நீர் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். அவருக்கு வேறு நீர் என்பது முக்கால் மைல் நடை. அந்த நடையை அவர் தலையில் ஏற்றியது என் அறிக்கையின் ஒரு சொல்தான். என்றாலும் வேறு எப்படியும் எழுதியிருக்க முடியாது என்றே இன்றும் எண்ணுகிறேன்.

பிளாங்க்கின் பெருமையை உலகறியச் செய்தவர் ஒருவர் உண்டு. கிளேர் பேட்டர்சன் என்பது அவர் பெயர், அமெரிக்கர். சிக்காகோவில் ஆய்வு மாணவராக இருந்தபோது, தொன்மையான கனிமங்களில் ஈயத்தை அளக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. இருக்க வேண்டியதைவிடப் பன்மடங்கு ஈயம் தென்பட்டது. ஆய்வகத்தின் காற்றிலும் நீரிலும் அமிலத்திலும் தம் உடையிலும் ஈயம் இருப்பதை அவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். அதை விரட்ட ஆண்டுக்கணக்கில் துடைத்தார், கழுவினார், வடித்தார். அந்தத் தூய்மையின் பயனாக, விண்கல்லில் உள்ள ஈயத்தைப் பிழையின்றி அளந்து, 1956-இல் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்டார். இன்றளவும் அந்த எண் பெரிதாக மாறவில்லை.

பூமியின் வயதைச் சொன்னவர் அத்தோடு ஓய்ந்திருந்தால் பரிசுகளோடு நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் ஒரு கேள்வி அவரை விடவில்லை. என் ஆய்வகத்தில் இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது? விடை தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக 1923 முதல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்து விற்றுவந்தார்கள். மனித உடலில் ஈயம் இருப்பது இயற்கையே, ஓரளவு வரை தீங்கில்லை என்று அந்தத் தொழிலின் மருத்துவ ஆலோசகரான இராபர்ட் கீஹோ பல்லாண்டுகள் சொல்லிவந்தார். அதற்குச் சான்றும் வைத்திருந்தார். மோட்டார் வண்டியே எட்டாத மெக்சிகோ நாட்டுக் கிராமத்தாரின் உடலிலும் ஈயம் இருக்கிறதே என்பார். அந்தக் கிராமத்தார் உண்டது ஈயப் பூச்சிட்ட மண் பாத்திரங்களில்! எங்கள் மொழியில் சொன்னால், அவருடைய பிளாங்க்கே கெட்டுப்போயிருந்தது. எதனோடு ஒப்பிடுகிறோமோ அதுவே மாசுபட்டிருந்தால், மாசு முழுவதும் ‘இயற்கை’ ஆகிவிடும்.

பேட்டர்சன் 1965-இல் இதை எதிர்த்து எழுதினார். அதன்பின் அவருக்கு வந்துகொண்டிருந்த ஆய்வுநிதிகள் நின்றன. காற்றிலுள்ள ஈயத்தை ஆராய 1971-இல் அமைந்த தேசிய ஆய்வுக் குழுவில், அத்துறையில் முதன்மையான அவருக்கு இடமில்லை. அவர் தளரவில்லை. உண்மையான பிளாங்க்கைத் தேடிப் பழங்காலப் பெரு நாட்டு மக்களின் எலும்புகளுக்குச் சென்றார். இக்கால மனிதரின் எலும்பில் அவர்களைவிடப் பல நூறு மடங்கு ஈயம் இருந்தது. 1980-இல் சூரை மீனைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இன்னும் கூர்மையானது. புதிய மீனின் தசையில் ஒரு கிராமுக்கு 400 நானோகிராம் ஈயம் என்று அரசு ஆய்வகம் சொல்லியிருந்தது. பேட்டர்சன் அளந்தபோது கிடைத்தது 0.3 நானோகிராம். ஈயப் பற்றுவைத்த டப்பாவில் அடைத்த மீனிலோ 1,400. அரசு ஆய்வகத்தின் 400-இல் மீனுக்குரிய பங்கு மிகச் சிறிது. மற்றதெல்லாம் ஆய்வகத்தின் ஈயம். அந்த ஒரு பிழையால், டப்பா உணவில் சேர்க்கின்ற ஈயம் எவ்வளவு என்பதே மக்கள் கண்ணுக்கு மறைந்திருந்தது.

பேட்டர்சன் 1995 டிசம்பரில் மறைந்தார். அடுத்த மாதத்திலிருந்து அமெரிக்கச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. இந்தியாவில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-இலும், நாடு முழுவதும் 2000-இலும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. உலகில் கடைசியாக அதைக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, 2021-இல்.

பர்லியார்க்காரனாகிய எனக்கு இந்த வரலாறு தொலைதூரக் கதை அன்று. ஒரு காலத்தில் நம் நாட்டுப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். எங்கள் வீடு சாலையோரம். கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் முக்கி முனகி ஏறும் கார்களும் ஜீப்புகளும் கக்கிய புகையில்தான் நாங்கள் வளர்ந்தோம். (பேருந்தும் லாரியும் டீசலில் ஓடுபவை, கரும்புகை அவற்றினுடையது, ஈயம் அவற்றினுடையதன்று. கண்ணுக்குத் தெரிந்ததைத் திட்டினோம், தெரியாததை மூச்சிழுத்தோம்.) சாலையோரம் பழம் விற்ற பெண்களின் இடுப்பிலிருந்த குழந்தைகளை எண்ணிப் பார்க்கிறேன். ஈயம் மற்றெவரையும்விடக் குழந்தைகளின் மூளையைத் தாக்குகிறது என்பது இன்று ஐயமற்ற உண்மை.

அன்று நம் பக்கத்துக் குழந்தைகளின் இரத்தத்தை யார் அளந்தார்கள்? பெங்களூரில் உள்ள தூய யோவான் மருத்துவக் கல்லூரியை நம் வாசகர்கள் அறிவார்கள். அங்கே உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த துப்பில் வெங்கடேஷ், ஜார்ஜ் அறக்கட்டளையோடு சேர்ந்து, 1990-களின் பிற்பகுதியில் இந்திய நகரங்களில் அந்தப் பணியைச் செய்தார். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவரில் பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில், அந்நாளைய எச்சரிக்கை அளவான டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டி ஈயம் இருந்தது. 1999 பிப்ரவரியில் பெங்களூரில் பன்னாட்டு மாநாடு கூடியது. ஈயப் பெட்ரோலை நீக்கியபின் மும்பையில் மறுபடி அளந்தபோது, அந்த நிலையிலிருந்த குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. யாரேனும் ஒருவர் தூய ஊசியையும் தூய குழாயையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்திருந்தால், ‘இந்தியாவில் ஈய நச்சு இல்லை’ என்றே ஏடுகளில் நின்றிருக்கும். அளக்காததையும் ‘இல்லை’ என்று எழுதும் பழக்கம் நம் அலுவலகங்களுக்குப் புதிதன்று.

சுவடுத் தனிமம் என்றாலே நஞ்சு என்று எண்ணிவிட வேண்டாம். துத்தநாகம் இல்லாவிட்டால் தேயிலைக் கொழுந்து சிறுத்துப் போகும். அதனால்தான் தென்னிந்தியத் தோட்டங்களில் துத்தநாக சல்பேட்டை இலைமேல் தெளிக்கிறார்கள். மனிதனுக்கும் அப்படியே என்பதை, பீகாரின் பக்சரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 1960-களின் தொடக்கத்தில் ஈரானிலும் எகிப்திலும் வளர்ச்சி குன்றிய இளைஞரிடம் கண்டு சொன்னார். தொடக்கத்தில் அவரை நம்பியவர் சிலரே. அது தனியே எழுத வேண்டிய பொருள்.

நீலகிரிக்குத் தெற்கே, இன்னொரு மலைக்கு இப்போது வருகிறேன். கொடைக்கானலில் தூய மரியன்னை சாலையில், பாம்பார் சோலையை ஒட்டி, அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980-களில் தொடங்கப்பட்டது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை மக்கள் வெளிக்கொணர்ந்தனர், 7.4 டன் இருந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது.

கிடங்கிலிருந்த கண்ணாடியை எவரும் காணலாம். காற்றில் ஆவியாய்ப் போனதை எப்படிக் காண்பது? பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஐதராபாத் ஆய்வகத்திலிருந்து பாலராம கிருஷ்ணா, கருணாசாகர், அருணாச்சலம் ஆகியோர் செய்ததை என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லி மகிழ்ந்தேன். அவர்கள் மரப்பட்டைகளில் ஒட்டி வளரும் கற்பாசியையும் பாசியையும் சேகரித்தார்கள். அவை மண்ணிலிருந்து வேரால் உறிஞ்சி வாழ்பவை அல்ல. காற்றும் மழையும் கொடுப்பதையே உண்டு, பல ஆண்டுகள் சேமித்து வைத்துக்கொள்பவை. கொடைக்கானல் ஏரிப் பகுதியில் எடுத்தவற்றை, இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள பேரிஜம் ஏரிப் பகுதியில் எடுத்தவற்றோடு ஒப்பிட்டார்கள். கொடைக்கானலின் பாசியில் பாதரசம் பன்மடங்கு மிகுந்திருந்தது. 2003-இல் அந்தக் கட்டுரை வெளியாயிற்று; அடுத்து ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகியவற்றைப் பற்றியும் எழுதினார்கள். அந்த ஆய்வின் உயிர்நாடி பேரிஜத்தில் இருக்கிறது என்பேன். அங்கே போய் அந்த ஒரு கைப்பிடிப் பாசியைக் கொண்டுவரவில்லையென்றால், மலையில் பாதரசம் இருப்பது இயற்கைதான் என்று வாதிடக் கீஹோவைப் போல் யாரேனும் எழுந்திருப்பார்கள்.

ஆலையில் உழைத்ததால் தங்கள் உடல் கெட்டது என்று தொழிலாளர் சொன்னார்கள். தன் ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை என்றது நிறுவனம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. மண்ணில் எவ்வளவு பாதரசத்தை விட்டுவைக்கலாம் என்ற சச்சரவோ அத்தோடு தீரவில்லை. கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவு குடியிருப்புப் பகுதிக்குப் போதும் என்றனர் சிலர்; சோலைக்காடும் நீரோடையும் அருகிருக்க அது ஏற்கத்தக்கதன்று என்றனர் வேறு சிலர். எண்ணைத் தருவது வேதியியல். எந்த எண்ணோடு வாழலாம் என்பதைத் தீர்மானிக்கும் அவையில், பாம்பாற்றின் நீரைக் குடிப்பவருக்கும் நாற்காலி இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

ஓய்வுக்குப் பின் பர்லியாருக்கே வந்துவிட்டேன். சாலையில் வண்டிகள் பெருகிவிட்டன. ஆனால் அவற்றின் பெட்ரோலில் ஈயம் கலப்பதில்லை. நெகிழிப் பையைத் தடுக்கும் சோதனைச் சாவடியும் வந்துவிட்டது. வாசனைப் பொருள் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் அண்மையில் மஞ்சள் தூளைக் காட்டி, “இதுல ஈயம் கலக்கறாங்களாமே, நிஜமா அண்ணா?” என்றார். வங்கதேசத்தில் நடந்ததைச் சொன்னேன். மஞ்சள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக லெட் குரோமேட் என்ற சாயத்தை அங்கே கிழங்கின்மேல் பூசிவந்தார்கள். ஈயமும் குரோமியமும் சேர்ந்த சாயம் அது. என் நான்கு விளக்குகளில் இரண்டு அதற்கே போதும். கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் இருப்பதன் காரணத்தைத் தேடிப் போன ஆய்வாளர்கள், 2019-இல் அதை வெளியிட்டார்கள். அரசு எச்சரித்தது, அபராதம் விதித்தது, சந்தைகளில் சோதனை செய்தது. அப்போது சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47-இல் ஈயம் தென்பட்டது. 2021-இல் ஒன்றிலும் தென்படவில்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளரின் இரத்தத்திலும் ஈயம் குறைந்தது.

“அப்படின்னா இப்ப அங்கே சுத்தமா இல்லைன்னு சொல்லுங்க” என்றார் தம்பி. கட்டுரையில் எழுதியிருப்பது ‘கண்டறியத்தக்க ஈயம்’ என்று அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, முழு மஞ்சளாகவே வாங்கி இங்கேயே அரைத்து விற்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். நல்ல யோசனைதான் என்றேன். வாங்கும் கிழங்கைக் கழுவி, கழுவிய நீரின் நிறத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.